பனிக்காலச் சிகாகோவில் ‘கிளவுட் கேட்’ சிற்பத்தைப் படமெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சிகாகோ மில்லேனியம் பூங்காவில் இருக்கும், சிற்பி அனிஷ் கபூரின் ‘கிளவுட் கேட்’ என்ற கண்ணாடி போலப் பளபளக்கும் எஃகுச் சிற்பத்தை ஊரார் ‘பீன்’ என்றுதான் சொல்வார்கள். பார்க்க அவரை விதை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். நான்கு குளிர்காலங்களில் அதைப் படமெடுத்திருக்கிறேன். கூட வந்தவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கோளாறு கேமராவில் இருப்பதில்லை, வேலை செய்யும் வரிசையில்தான் இருக்கிறது. முதலில் எடுக்க வேண்டிய படத்தைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். அதற்குள் பனி மிதிபட்டுவிடும், பேட்டரி இறங்கிவிடும், விரல் மரத்துவிடும்.

அதனால் கீழே உள்ளதை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். பெரிய கேமராவோ கைபேசியோ, இரண்டுக்கும் இது பொருந்தும்.

1. எந்த நாள், எந்த நேரம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

டிசம்பரில் சிகாகோவில் பகல் மிகக் குறைவு. மாத நடுவில் காலை சுமார் 7.15-க்கு விடிந்து மாலை 4.20 வாக்கில் இருட்டத் தொடங்கிவிடும். பிப்ரவரி கடைசியில் சூரியன் மறைய 5.40 ஆகும். ‘மதியம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்’ என்று கிளம்புகிறவர்கள் டிசம்பரில் பாதி வெளிச்சத்தை இழந்துவிடுகிறார்கள்.

சூரியன் உயரே ஏறுவதும் இல்லை. டிசம்பர் 21 வாக்கில் நண்பகலிலேயே அது தெற்கு அடிவானத்துக்கு மேல் 25 டிகிரிக்கும் குறைவான உயரத்தில்தான் நிற்கும். நாள் முழுக்கச் சாய்ந்த வெளிச்சம் கிடைப்பது நமக்கு நல்லது. ஆனால் மேற்கே மிச்சிகன் அவென்யூ நெடுகக் கட்டடங்கள் சுவர் போல நிற்கின்றன. சூரியன் மறைவதற்கு வெகு முன்பே அவற்றின் நிழல் சிற்பத்தின் மேல் விழுந்துவிடும்.

கையில் ஒரே ஒரு நாள் இருந்தால், இரவில் பனி பெய்து ஓய்ந்த மறுநாள் காலையைத் தேர்ந்தெடுங்கள். பூங்கா திறக்கும் நேரத்தை நகராட்சியின் இணையதளத்தில் முந்தின நாளே பார்த்துவிட்டு, திறந்தவுடன் உள்ளே போங்கள். நடைபாதைப் பனியை வாரும் ஆட்கள் சீக்கிரமே வந்துவிடுவார்கள். உப்பும் தூவுவார்கள். பத்து மணிக்குப் போனால் பார்ப்பது ஈரத் தரையாகத்தான் இருக்கும்.

இரண்டு நாள் கிடைத்தால் ஒரு காலை, இன்னொரு நாள் மாலை. ஒரே நாளில் இரண்டையும் செய்யலாம், ஆனால் நடுவில் நன்றாகச் சூடேறிக்கொள்ள வேண்டும்.

2. பையில் என்ன வைக்க வேண்டும்

பேட்டரிதான் முதல் கவலை. லித்தியம் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகும். அதனால் முழுதாகச் சார்ஜ் ஏற்றியது கூட சீக்கிரம் தீர்ந்தது போலக் காட்டும். உண்மையில் அது தீர்ந்திருக்காது. கழற்றி உள்சட்டைப் பையில் பத்து நிமிடம் வைத்தால் கொஞ்சம் உயிர் திரும்பும். ஆகவே குறைந்தது இரண்டு உபரி பேட்டரி வேண்டும், அவை உடம்பை ஒட்டிய பையில் இருக்க வேண்டும். கேமராப் பையிலேயே வைத்திருந்தால் உபரியும் சேர்ந்து குளிர்ந்துவிடும். புதிதாக வருபவர்கள் அதிகம் செய்யும் தவறு இது.

கைபேசிக்கும் இதே கதைதான். ஐபோன் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்கானது என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. சிகாகோ ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே இருப்பதுதான் வழக்கம். நாற்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்த கைபேசி சட்டென்று அணைந்துபோகும். இரண்டு படத்துக்கு நடுவில் அதை உள்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

விமானத்தில் வருகிறீர்கள் என்றால் உபரி பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் வர வேண்டும், பதிவுசெய்யும் பெட்டியில் போடக்கூடாது. பேட்டரியின் உலோக முனைகளை டேப்பால் மூடிவிடுங்கள்.

லென்ஸ் ஒன்று போதும் என்றால் அகலக் கோண லென்ஸ். 24 மில்லிமீட்டர் அல்லது அதைவிட அகலமானது. சிற்பம் சுமார் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் உயரம், நடுவில் ஆள் நடந்துபோகும் அளவு வளைவு. கிட்டே போனால் குறுகலான லென்ஸில் எதுவும் அடங்காது. தூரத்தைக் கிட்டே இழுக்கும் 70-200 மில்லிமீட்டர் ஜூம் மாதிரி ஒன்று இருந்தால் எடுத்து வாருங்கள், வளைந்த பரப்பில் ஊர்ந்து போகும் சின்ன உருவங்களைப் பிடிக்க உதவும். ஆனால் பனி பெய்யும்போது வெளியில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள்.

மற்றவை: பெரிய ஜிப் பை இரண்டு (எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்), மென்மையான தூரிகை, காற்றூதும் பந்து, உலர்ந்த துணி இரண்டு. டிரைபாட் இல்லாமலே சமாளிக்கலாம். கூட்டம் நடமாடும் இடத்தில் அதன் கால் பிறருக்கு இடைஞ்சல்.

போலரைசரை (லென்ஸ் முன்னால் மாட்டும், பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) விட்டுவிட்டு வாருங்கள். பளபளப்பைக் குறைக்கும் என்று நினைத்து அதைப் பூட்டிக்கொண்டு வருகிறார்கள். தண்ணீரிலும் கண்ணாடியிலும் அது வேலை செய்யும், பளபளப்பான உலோகத்தில் பெரிதாக எடுபடாது. அகல லென்ஸில் வானத்தை ஒரு பக்கம் கறுப்பாகவும் மறு பக்கம் வெளுப்பாகவும் வேறு ஆக்கிவிடும். அதோடு, நாம் வந்திருப்பதே பிரதிபலிப்பைப் படமெடுக்கத்தானே.

3. கைக்கும் காலுக்கும்

கை மரத்துப்போனால் படம் முடிந்தது. மெல்லிய உள்கையுறை (தொடுதிரையில் வேலை செய்வது), அதற்கு மேல் விரல்கள் ஒன்றாக இருக்கும் தடித்த கையுறை. படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் வெளியுறையைக் கழற்றுங்கள். ஒரே தடித்த கையுறையோடு வருபவர்கள் ஒவ்வொரு முறையும் வெறுங்கையாகிறார்கள். வெறுங்கையால் குளிர்ந்த உலோகத்தைப் பிடிக்கவே கூடாது.

மிச்சிகன் ஏரி பக்கத்திலேயே இருப்பதால் காற்றைக் கணக்கில் எடுங்கள். அமெரிக்க தேசிய வானிலைச் சேவையின் அட்டவணைப்படி, வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸாக இருந்து காற்று மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் உடம்பு உணர்வது மைனஸ் 28. அந்த நிலையில் மூடாத தோல் 30 நிமிடத்தில் உறைந்துவிடலாம். முன்னறிவிப்பில் வெறும் வெப்பநிலையை விட்டுவிட்டு ‘காற்றுக்குளிர்’ எண்ணைப் பாருங்கள். அது இவ்வளவு கீழே போனால் வேறொரு நாள் வாருங்கள்.

காலுக்கு வழுக்காத, தண்ணீர் புகாத பூட்ஸ். படமெடுக்கும்போது நாம் நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம், குளிர் பாதம் வழியாகத்தான் ஏறும்.

உடையின் நிறத்தையும் யோசியுங்கள். எங்கு நின்றாலும் நீங்களும் படத்தில் விழுவீர்கள். தெரியக்கூடாது என்றால் கறுப்பு அல்லது சாம்பல் நிறம். குடும்பத்தாரைப் படத்தில் தேட வேண்டும் என்றால் ஒருவருக்குச் சிவப்பு மேல்சட்டை போதும். வெள்ளைக்கு நடுவில் அந்த ஒரு புள்ளி கண்ணைப் பிடிக்கும்.

4. கேமராவை வெளியே எடுக்கும் முன்

அமைப்புகளையெல்லாம் அறையிலேயே முடித்துவிடுங்கள். கோப்பு வகை ரா (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் வகை), ஃபிளாஷ் அணைப்பு, கார்டு காலி. குளிரில் கையுறையோடு மெனு தேடுவது பெரிய பாடு.

பூங்காவுக்குப் போனதும் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்து 15-20 நிமிடம் குளிர விடுங்கள். அறைச் சூட்டோடு வெளியே எடுத்தால் லென்ஸில் விழும் பனித்துகள் உருகும், அப்புறம் அதே இடத்தில் உறையும். குளிர்ந்த லென்ஸில் விழுந்த பனி உலர்ந்த தூள் போலத்தான் கிடக்கும், தூரிகையால் தட்டினால் போய்விடும். வாயால் ஊதாதீர்கள். மூச்சின் ஈரம் கண்ணாடியில் மெல்லிய ஐஸ் படலமாக ஒட்டிக்கொள்ளும். வியூஃபைண்டரில் கண் வைக்கும்போதும் மூச்சைப் பக்கவாட்டில் விடுங்கள்.

பையைத் தரையில் வைக்க வேண்டாம். தூவிய உப்பு ஜிப்பையும் டிரைபாட் காலையும் அரித்துவிடும்.

5. முதல் படம் தூரத்திலிருந்து

புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: சிற்பத்தைக் கண்டதும் நேராக அதை நோக்கி நடந்துவிடுவார்கள். தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து தூரத்துப் படம் எடுக்க நினைக்கும்போது, மிதிபடாத வெண்பனி நடுவே அவர்கள் காலடிகளே கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு தரையில் ஒரு முறை, சிற்பத்தின் பரப்பில் இன்னொரு முறை என்று இரண்டாகத் தெரியும். பின்னால் கணினியில் இரண்டையும் அழிப்பது லேசான வேலை இல்லை.

ஆகவே ஓரமாகவே சுற்றி நடங்கள். முழுச் சிற்பமும் முன்னால் தொடாத பனியும் அடங்கும் படத்தை நான்கு பக்கத்திலிருந்தும் எடுத்து முடியுங்கள். அதற்கு அப்புறம்தான் நெருங்க வேண்டும். மிதித்த பனியைத் திரும்பக் கொண்டுவர முடியாது, நெருக்கப் படத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

மேற்கே, சற்றுத் தாழ்வாக, குளிர்காலச் சறுக்குத் திடல் இருக்கிறது. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை பெரும்பாலும் திறந்திருக்கும். அங்கிருந்து அண்ணாந்து எடுத்தால் முன்னால் சறுக்குபவர்கள், மேலே சிற்பம் என்று இரண்டு அடுக்காக வரும்.

6. எந்தப் பக்கம் நிற்பது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: கிளவுட் கேட் ஒரு கண்ணாடி. கல் சிலைக்கு வெயில் படும் பக்கம், நிழல் பக்கம் என்று உண்டு. இதற்கு அப்படி இல்லை. எதைப் பிரதிபலிக்கிறதோ அதன் வெளிச்சம்தான் அதன் வெளிச்சம். எனவே ‘சிற்பத்தின் மேல் வெயில் விழுகிறதா’ என்று பார்க்காதீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அதன் மேல் வெயில் விழுகிறதா என்று திரும்பிப் பாருங்கள்.

காலையில் மிச்சிகன் அவென்யூவுக்கு முதுகைக் காட்டி, மேற்குப் பக்கம் நில்லுங்கள். தென்கிழக்கிலிருந்து வரும் வெயில் அந்தக் கட்டட வரிசையின் முகத்தில் நேராக விழும். நீங்கள் பார்க்கும் பக்கம் நிழலில் இருந்தாலும், அதற்குள் ஒரு தெருவே பொன்னிறத்தில் வளைந்து நிற்கும். ‘நிழலாக இருக்கிறதே’ என்று இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் ஓடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மதியத்தில் தென்மேற்கு மூலையில் நின்று வடகிழக்கைப் பாருங்கள். சிற்பத்துக்குப் பின்னால் 346 மீட்டர் உயர ஏயான் சென்டரும் புரூடென்ஷியல் கட்டடங்களும் எழும். வெயில் பின்னாலிருந்து வருவதால் வானம் நல்ல நீலமாக விழும். சதுக்கத்தில் நிழல் விழுந்த பிறகும் அந்தக் கோபுரங்களின் உச்சியில் வெயில் தங்கியிருக்கும். அந்த நேரம் ரொம்பக் குறைவு, தவறவிடாதீர்கள்.

மாலையில் கிழக்குப் பக்கம். இதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

மேகம் மூடிய நாளில் வேறு ஒரு சிக்கல் வரும். வெள்ளை வானம் மேல்பரப்பிலும் வெள்ளையாகவே விழுவதால், சிற்பம் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அன்றைக்குப் பின்னணியில் ஏதாவது கட்டடம் வரும்படி கொஞ்சம் நகருங்கள். உச்சியில் பனி படிந்திருந்தால் அதுவே விளிம்பைக் காட்டிக்கொடுக்கும்.

7. எக்ஸ்போஷர்

கேமராவின் அளவீடு காண்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். பனியை அது அழுக்குச் சாம்பலாக்கிவிடும். எனவே எக்ஸ்போஷர் ஈட்டை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் +/- அமைப்பு) +1-க்குக் கொண்டுபோய் ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராம் பாருங்கள்; இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை என்று வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம் அது. வலது ஓரத்தில் இடம் மிச்சம் இருந்தால் +1.7 வரை போகலாம். ஓரத்தில் முட்டி நின்றால் குறையுங்கள். திரையின் வெளிச்சத்தை நம்ப வேண்டாம், பனியின் கூச்சத்தில் எல்லாப் படமும் இருட்டாகத்தான் தோன்றும்.

கைபேசியில் பனியின் மேல் அழுத்திப் பிடித்து, அளவைப் பூட்டி, சூரியக் குறியை மேலே தள்ளுங்கள்.

வெயில் நாளில் வளைந்த பரப்பில் சூரியனின் ஒரு புள்ளி எரிந்துகொண்டிருக்கும். அது வெளுத்துப் போவதைத் தடுக்க முடியாது, தடுக்கப் பார்த்தால் மற்றதெல்லாம் கறுத்துவிடும். லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப்/16-க்குப் போனால் அந்தப் புள்ளி நட்சத்திரமாக விரியும். எனக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர்கள் ஒரு மேகம் கடக்கும் வரை காத்திருக்கலாம்.

பனி பெய்யும்போது ஷட்டர் வேகத்தை 1/250 நொடி வைத்தால் துகள்கள் தனித்தனியாக உறையும், 1/30 வைத்தால் கோடுகளாக ஓடும். தானியங்கி ஃபிளாஷ் பாய்ந்தால் அருகிலுள்ள துகள்கள் வெள்ளைக் கொப்புளங்களாகப் படத்தை மூடிவிடும். வொயிட் பேலன்ஸை (நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) 6,000 கெல்வினுக்குப் பக்கத்தில் வைத்தால் நிழல் பனியின் நீலம் அடங்கும்.

8. ஃபோகஸ்

தட்டைக் கண்ணாடியில் தெரியும் கட்டடத்துக்கு ஃபோகஸ் செய்யக் கட்டடம் இருக்கும் தூரத்துக்கே போக வேண்டும். இங்கே பரப்பு வெளிப்புறம் வளைந்திருப்பதால், எவ்வளவு தொலைவிலுள்ள கட்டடமானாலும் அதன் பிம்பம் பரப்புக்குச் சில மீட்டர் பின்னாலேயே உருவாகும். அதனால் முடிவிலிக்கு ஃபோகஸ் செய்துவிட்டு ‘எல்லாம் தூரத்துக் கட்டடம்தானே’ என்று இருக்க வேண்டாம், கிட்டே நிற்கும்போது மங்கல் தெரியும்.

பிம்பத்திலுள்ள ஒரு கட்டட விளிம்பின் மேல் ஒற்றைப் புள்ளி ஃபோகஸை வையுங்கள், எஃப்/8 வையுங்கள். அகல லென்ஸில் பரப்பும் பிம்பமும் இரண்டும் தெளிவாக விழும். ஃபோகஸ் பகுதியைத் தானியங்கியில் விட்டால், கேமரா கைரேகையையோ பறக்கும் பனித்துகளையோ பிடித்துக்கொண்டு நிற்கும். ஆள் எட்டும் உயரத்தில் கைரேகைகள் நிறைய இருக்கும். அதைத் துடைக்கிறேன் என்று கையுறையால் தேய்க்காதீர்கள், உறைபனியோடு சேர்ந்து இன்னும் பரவும். அந்தப் பட்டையைச் சட்டகத்துக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

9. வளைவுக்கு அடியில்

வெளியே எல்லாம் முடிந்த பிறகு கீழே போங்கள். வளைவின் உயரம் சுமார் 3.7 மீட்டர். அதற்கு மேலே உட்குழிந்து தொப்புள் போல ஓர் இடம் உண்டு. வெளிப்பரப்பு உருவத்தைச் சிறிதாக்கும், இது ஒரே ஆளைப் பலராக்கி, நீட்டி, தலைகீழாகவும் காட்டும். பனி உள்ளே அவ்வளவாக வராததால் லென்ஸைத் துடைக்கவும் பேட்டரி மாற்றவும் இதுவே நல்ல இடம்.

கேமராவை மார்பளவில் படுக்கவைத்து, லென்ஸ் நேர் மேலே பார்க்கும்படி பிடியுங்கள். திரையைப் பார்த்தபடி ஒவ்வோர் அடியாக நகருங்கள். ஒரு அடி நகர்ந்தாலே மொத்த உருவமும் மாறிவிடும். நடுமையம் எங்கே என்று கண்டுபிடித்தால் வட்டங்கள் ஒழுங்காக அமையும். இருட்டான இடம் என்பதால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 800-க்கோ 1,600-க்கோ ஏற்ற வேண்டியிருக்கும். வெளியே போனதும் திரும்பக் குறைக்க மறந்துவிடுவார்கள், நினைவில் வையுங்கள்.

10. மாலை நீலம்

சூரியன் மறைவதற்கு முன்பே கிழக்குப் பக்கம் போய் நின்று மேற்கைப் பாருங்கள். பின்னால் கட்டடங்களின் ஜன்னல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். அதே நேரம் சிற்பத்தின் முகத்தில் விழுவது உங்களுக்குப் பின்னாலுள்ள கிழக்கு வானம். தெளிவான மாலையில் அங்கே கருநீலப் பட்டை ஒன்றும் அதன் மேல் மெல்லிய ரோஜா நிறப் பட்டை ஒன்றும் எழும். அந்தப் பட்டை சிற்பத்தின் வளைவோடு வளைந்து கிடப்பதைப் பார்க்கும்போது குளிரே மறந்துபோகும்.

இந்த நேரத்தில் எக்ஸ்போஷர் ஈட்டைப் பூஜ்யத்துக்கோ -0.7-க்கோ இறக்குங்கள், இல்லையென்றால் ஜன்னல்கள் வெளுத்துவிடும். ஐஎஸ்ஓ 1,600, எஃப்/4, 1/60 என்று தொடங்கினால் கையில் பிடித்தே எடுக்கலாம். சூரியன் மறைந்து சுமார் அரை மணி நேரம்தான் நீலம் நிற்கும். பேட்டரியை அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

11. நடுவில் சூடேறுவதும், படத்தை விற்பதும்

மிச்சிகன் அவென்யூவைக் கடந்தால் வாஷிங்டன் தெரு முனையில் சிகாகோ கல்ச்சுரல் சென்டர். நுழைவுக் கட்டணம் இல்லை. நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே போய்க் கை கால்களைச் சூடாக்குங்கள். ஆனால் கேமராவைப் பையிலிருந்து வெளியே எடுக்காதீர்கள்.

உங்களுக்காக எடுக்கும் படத்துக்குச் சிக்கல் இல்லை. வணிக நோக்கில் படமெடுக்கப் பூங்காவில் அனுமதி வாங்க வேண்டும். தவிர, அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் பொது இடத்துக் கட்டடங்களைப் படமெடுப்பதற்குத் தரும் விலக்கைச் சிற்பங்களுக்குத் தருவதில்லை. படத்தை அச்சிட்டு விற்கும் எண்ணம் இருந்தால் கலைஞர் தரப்பின் ஒப்புதல் வேண்டும்.

12. அறைக்குத் திரும்பும்போது

கேமரா கெட்டுப்போவது பெரும்பாலும் வெளியே அல்ல, அறைக்குள் வந்த பிறகுதான். குளிர்ந்த உலோகத்தின் மேல் அறைக் காற்றின் ஈரம் படிந்து துளிகளாகும், லென்ஸின் உள்ளேயும் படியும்.

கட்டடத்துக்குள் நுழையும் முன், வெளியிலேயே நின்று மூன்று காரியம் செய்யுங்கள். பனியைத் தூரிகையால் தட்டுங்கள். மெமரி கார்டையும் பேட்டரியையும் கழற்றிச் சட்டைப் பையில் போடுங்கள். கேமராவை ஜிப் பையில் வைத்துக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும், கேமராவில் படியாது. கைபேசி ரொம்பக் குளிர்ந்திருந்தால் அதற்கு இரண்டாவது பை.

படங்களைப் பார்க்கும் ஆசையில் கார்டைக் கேமராவிலேயே விட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் பையைத் திறப்பவர்கள் உண்டு. கார்டு தனியாகக் கையில் இருந்தால் அந்த அவசரம் வராது. ஹீட்டர் பக்கத்தில் வைத்துச் சீக்கிரம் சூடேற்றவும் வேண்டாம். இரண்டு மணி நேரம் மேசை மேல் அப்படியே இருக்கட்டும். பையின் வெளிப்புறம் காய்ந்து, தொட்டால் அறைச் சூட்டில் இருந்தால் திறக்கலாம்.